திப்பு சுல்தான் கூடாரம்

மைசூர் அரசர் திப்பு சுல்தானுடையதாக அறியப்படும் பருத்திக் கூடாரம். இன்று வேல்ஸ் நாட்டின் பொவிஸ் கோட்டையில் உள்ளது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டபின், அவரது உடைமைகள் போர்க்கொள்ளையாகப் பிரிந்தன. அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்கு இது போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அக்குடும்பத்தின் தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாகவும் நின்றது. ஓர் அரசின் வீழ்ச்சியில் எடுக்கப்பட்ட பொருளுக்கு அது தகுந்த இடமே அல்ல.

இதன் சிறப்பு துணியில்தான். வெண்தரையில், வளைவுகளுக்குள் பூச்சாடிகள் அமைந்த சீட்டித் துணி இது. சீட்டியில் சிவப்பு நேராகப் பூசப்படுவதில்லை. படிகாரக் கரைசல் பட்ட இடத்தில் மட்டும் வேர்ச்சாயம் பிடிக்கும். அதனால்தான் துவைத்தாலும் நிறம் நிற்கிறது. துணியின் காலம் ஏறக்குறைய 1725–1750; அதாவது திப்பு பிறக்கும் முன்பே நெய்யப்பட்டிருக்கலாம். புர்ஹான்பூர் வேலைப்பாடாகக் கருதப்படுகிறது.

இவ்வகைக் கூடாரங்கள் கம்பமும் இழுகயிறும் முளையும் கொண்டு நிற்பவை. நார்வேயில் 1904இல் அகழப்பட்ட ஓசபர்க் கப்பல் புதைகுழியின் வைக்கிங் கூடாரம் வேறு வகை: இரு முனைகளிலும் குறுக்காகச் சாயும் பலகைகள், அவற்றின் நுனியில் செதுக்கிய விலங்குத் தலைகள், நடுவே முகட்டுக்கழி. மரச்சட்டமே பாரம் தாங்குவதால் ஐரோப்பிய வரலாற்று மீள்நடிப்புக் குழுக்கள் அதை எளிதில் மறுபடி செய்கின்றன. திப்புவின் கூடாரத்தை அப்படிச் செய்ய விரும்புவோர் தச்சரைவிடச் சாயக்காரரைத்தான் முதலில் தேட வேண்டும்.