குதிரை வளர்த்த கைகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்கு வந்து போகும் தமிழர் யாவரும் ரேஸ் கோர்ஸ் சாலையை அறிவர். வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன அச்சாலையில் இன்று குளம்படி ஓசை கேட்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது. அப்பெயருக்குப் பின்னால் மறைந்து நிற்கும் மனிதரைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

1842-ஆம் ஆண்டில் ஐரோப்பியர் சிலர் கூடிச் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்னும் பந்தயச் சங்கத்தை நிறுவினர். 1843 பிப்ரவரியில் முதற்பந்தயம் நடந்தது. பின்னாளில் ஃபேரர் பார்க் எனப் பெயர் பெற்ற நிலமே அதன் திடல். நீரும் புல்லும் மலிந்த அப்பகுதியில் மாட்டு வாணிகமும் தழைத்தது. எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும், பஃபலோ ரோடு என்ற தெருப்பெயரும் அதற்குச் சான்று.

பந்தயக் குதிரைகளும் வண்டிக் குதிரைகளும் பெருகவே, அவற்றைப் பேணும் தொழிலும் பெருகிற்று. இத்தொழிலாளரைச் ‘சைஸ்’ என்றழைத்தனர். ஜாவாவை அடுத்த பவேயன் தீவினரும் இந்தியரும் இதில் மிகுதியாக ஈடுபட்டனர். குதிரையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ உலர்ந்த புல் தின்னும். 30 லிட்டருக்குக் குறையாமல் நீர் பருகும். ஆறேழு வாரத்துக்கொரு முறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். இந்நாட்டுப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். உடனே கண்டறிந்து நீரூற்றிக் குளிர்விக்காவிடில் உயிருக்கே ஆபத்து. இத்தனையும் கவனித்தது குதிரையின் எஜமானனா? அல்லன், விடியுமுன் எழுந்த சைஸே.

குதிரை வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு. இவ்வுண்மையை நம் பழைய சரித்திரமே உணர்த்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து 2000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் 100-கூட எஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தக்க தீனி அறியாமையும் குதிரை வைத்தியர் இல்லாமையுமே காரணம் என்கிறார். தம் வியாபாரம் குறையுமென்று வணிகர்கள் வைத்தியரை வரவொட்டாமல் தடுத்தனராம்! பொன் இருந்தது, தொழிலறிவு இல்லை. பொன்னெல்லாம் மண்ணாயிற்று.

பழக்குவதும் அத்தகைய அறிவே. இளங்குதிரையை முதலில் கயிற்றில் நடத்தி, நிற்கவும் திரும்பவும் கற்பித்து, பிறகே சேணமும் கடிவாளமும் பழக்குவர். கடிவாளத்தை இழுத்தவுடன் குதிரை பணிந்தால், அந்தக் கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். அத்தளர்ச்சியே அதற்குக் கிடைக்கும் பரிசு. அதனாலேயே அது கற்கிறது. கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்க அறிஞர் செனஃபன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். நாலு காற்பிராணியிடம் செல்லாத சவுக்கு மனிதரிடம் செல்லும் என்றெண்ணிய துரைமார்களையும் கங்காணிகளையும் நம் தோட்டங்கள் கண்டதுண்டு!

1880-இல் ரிக்ஷாவும் 1896-இல் மோட்டாரும் சிங்கப்பூருக்கு வந்தன. குதிரைவண்டி மெல்ல மறைந்தது. ஆனால் மோட்டாரோட்டியையும் மலாயா மக்கள் ‘சைஸ்’ என்றே அழைத்தனர். 1933-இல் பந்தயத்திடல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. பின்னர்க் கிராஞ்சிக்குச் சென்றது. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் இறுதிப் பந்தயம் ஓடி முடிந்தது.

பந்தயம் ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் சிந்த வேண்டுவதில்லை. சம்பள நாளன்று கூலியைக் குதிரையின் மேற் கட்டித் தோற்று, பிறகு வட்டிக்காரனிடம் சிக்கிய தொழிலாளர் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை அது. ஆனால் சூதாட்டத்தை வெறுக்கும் நாம், அதனோடு சேர்த்து ஒரு கைத்தொழிலின் பெருமையையும் புதைத்துவிடலாகாது.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு ஏடுகளின் இயல்பு தெரியும். வென்ற குதிரைக்குப் பெயர் உண்டு. உடையவனுக்கும் பெயர் உண்டு. புல்லறுத்தவனுக்குக் கூலித்தொகை மட்டுமே உண்டு. குதிரை கட்டுமிடத்தை லாயம் என்கிறோம். தோட்டத்தில் நம் முன்னோரைக் குடியேற்றிய வரிசை வீடுகளை லயம் என்றோம். அவ்விரண்டிலும் உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் இன்றும் கொள்ளு கிடைக்கிறது. நாம் ரசம் வைக்க வாங்குகிறோம். அடுத்த முறை அதை அளந்து வாங்கும்போது, குதிரைக்குக் கொள்ளு வேகவைத்த பாட்டனார் நம் குடும்பத்திலும் இருந்தாரா என வீட்டு முதியோரைக் கேளுங்கள். சொல்லும் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாலைக்குப் பெயர் தந்தது குதிரை; அக்குதிரையை உயிரோடு வைத்திருந்தவனுக்குப் பெயர் தருவது நம் கடமை.