கெடாத் தோட்டங்களில் விருப்பமும் விலையும்

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது முன்னோர் மொழி. மனிதனின் விருப்பம் காலத்தால் மாறாது என்பதே அதன் உட்பொருள். பொருளாதார அறிஞருள்ளும் ஏறத்தாழ இக்கருத்துடையார் உளர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டிக்லரும் பெக்கரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், மக்களின் நடத்தை மாறும்போது சுவை மாறிவிட்டதெனச் சொல்லி அமைவதைவிட, விலையிலும் வருவாயிலும் காரணம் தேடுதலே தக்கது என வாதிட்டனர். இக்கூற்றை உரைத்துப் பார்க்கக் கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

சோதிப்பது எவ்வாறு? 1938இல் பால் சாமுவல்சன் காட்டிய வழி எளியது. இரு பொருள்களையும் வாங்கும் நிலையிலுள்ள ஒருவர், ஒன்றை விடுத்து மற்றொன்றை எடுத்தால், எடுத்ததே அவரது விருப்பம். பின்னொரு நாள், இரண்டும் கைக்கெட்டும் நிலையிலேயே, முன்பு விடுத்ததை எடுப்பாராயின் விருப்பம் மாறியது எனலாம். ஒன்று கிடைக்கவே இல்லையெனில், மாறியது சந்தையே, மனம் அன்று.

முதற்சான்று சோறு. போருக்கு முன் தோட்டத் தமிழரின் உணவு பெரும்பாலும் இரங்கூனிலிருந்து வந்த புழுங்கலரிசியே. 1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தபின் கப்பல் வரவு நின்றது. நெல் விளையும் கெடாவிலுங்கூடத் தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கே பசியாற்றியது. 1943 அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் துன்பம் தீரவில்லை. அந்நாளில் கணக்கெடுத்தவர் எவரும், "இம்மக்கள் கிழங்கை விரும்புகின்றனர்" என்றே எழுதியிருப்பர். போர் முடிந்து அரிசி மீண்டதும் மக்களும் சோற்றுக்கே மீண்டனர். விருப்பம் மாறவில்லை, வழிதான் அடைபட்டிருந்தது.

இரண்டாம் சான்று கள். இது அத்துணை எளிதன்று. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. உழைத்துக் களைத்தவனுக்கு அது கைக்கெட்டும் தொலைவில் நின்றது. ஆயினும் 1947இல், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் அ. மு. சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தது. பீடோங்கிலும் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்திலும் காவல்துறையினரோடு மோதல் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. கடை இருந்தது, கள் இருந்தது, கையில் காசும் இருந்தது. எனினும் பலர் விலகி நின்றனர். இது விருப்ப மாற்றமன்றோ?

ஆம் என்று உடனே கூறுதல் இயலாது. மறியலுக்கு அஞ்சி விலகியோரும் இருந்திருப்பர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபின் இயக்கம் தளர்ந்தது. கள்ளுக்கடைகளோ பல்லாண்டுகள் நீடித்தன. பின்னர் மலிவான சம்சு இடம்பிடித்தது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தது. பழக்கம் எளிதில் சாகாது என்பதற்கு இது சான்று. ஆனால் தன்மதிப்பு என்னும் புதிய விருப்பம் பழக்கத்தை எதிர்த்து எழக்கூடும் என்பதற்கு 1947 சான்று. இரண்டையும் வரலாறு ஏற்கின்றது.

இஃது ஏட்டு விவாதம் மட்டுமன்று. கூலியை நிறுத்த தராசும் இதுவே. போருக்கு முன் இந்தியக் குடியேற்றக் குழு, அரிசி, பருப்பு, மிளகாய், உப்புமீன், துணி முதலியவற்றைப் பட்டியலிட்டு, தொழிலாளியின் தேவை இவ்வளவே என வரையறுத்தது. அவ்வாறே 1920களின் பிற்பகுதியில் முதன்மையான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாயின. ரப்பர் விலை வீழ்ந்ததும் 1930களின் தொடக்கத்தில் அதுவும் குறைந்தது. பட்டியலில் இல்லாததை அவன் விரும்பவில்லை எனக் கொண்டதே அடிப்படைப் பிழை. வாங்க இயலாத பொருளை வாங்காமை, வேண்டாமையாகாது. விடுதலைக்குப்பின் 1957-58இல் நடந்த குடும்பச் செலவு ஆய்வும் அதன்பின் வந்த ஆய்வுகளும் பட்டியலைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டுவதன் தேவையை உணர்த்துவன.

எனவே பழமொழியைத் தள்ளவும் வேண்டா; முழுதும் நம்பவும் வேண்டா. ஒரு சமுதாயம் இன்னதைத்தான் விரும்பும் என்று யாரேனும் உறுதி கூறினால், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதற்கு எப்போதேனும் கிட்டியதா என்று முதலில் கேட்க வேண்டும். அக்கேள்வியை மாணவர்க்குக் கற்பிப்பதே வரலாற்றுப் பாடத்தின் பயன்.