எல்லைப்புறத் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் (பாலக்காடு, இடுக்கி)

கேரள ராஜ்யத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர் வட்டத்திலும், கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடியிலும், தெற்கே ஆனைமலையையும் ஏலமலையையும் தழுவிக் கிடக்கும் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும், தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டோ, மலையாளப் பிரிவுகளுக்கு அருகில் தமிழ்ப் பிரிவையும் வைத்துக்கொண்டோ, ஆண் பெண் இருபாலருக்கும் ஒருங்கே கல்வி அளித்துவரும் அரசு உயர்நிலைப் பள்ளிகளை இத்தலைப்பு குறிக்கும். மலைப்பகுதிக்கு மூணாறு அரசு தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியும், சமவெளிக்கு வண்ணாமடைப் பள்ளியும் தக்க உதாரணங்கள். கஞ்சிக்கோடு முதலிய பாலக்காட்டுப் புறநகர்களில், தொழிற்சாலைகளை நாடி வந்த இரு மொழிக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே அரசுப் பள்ளியில் கூடுகிறார்கள்.

இன்று ஒரே கல்வித் துறையின்கீழ் இருக்கும் இப்பள்ளிகளின் பூர்வ சரித்திரம் மூன்று அரசாங்கங்களுக்கு உரியது. பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. அதற்குக் கிழக்கே, கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் மலபாருக்கும் இடையில் ஒரு தீவைப்போலக் கிடந்த சித்தூர், கொச்சி மகாராஜாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதிகள். கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்ற கொள்கையை ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே பிரகடனம் செய்த பெருமை திருவிதாங்கூருக்கு உண்டு. பாலக்காட்டில் 1866இல் ஆரம்பமான பள்ளி, 1888இல் கல்லூரியாக உயர்ந்து, இன்று விக்டோரியா கல்லூரி என்ற பெயரோடு விளங்குகிறது. ஆயினும் இந்த முயற்சிகளின் பயன் எல்லையோரக் கிராமங்களுக்கு எட்டக் காலம் பிடித்தது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களின் கரிசல் காட்டில் நிலக்கடலையும் பருத்தியும் பயிரிட்ட குடியானவர்கள், மழையை நம்பியே வாழ்ந்தவர்களாதலால், விதைப்பிலும் அறுப்பிலும் பிள்ளைகளின் கைகளையும் எதிர்பார்த்திருந்தார்கள்.

மலையின் கதை வேறு. ஜான் டேனியல் மன்றோ என்பவர் 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதும், 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டதும், அங்கே தேயிலை பயிராயிற்று. கங்காணிமார் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி மலையேற்றினார்கள். இவ்வாறு வந்தவர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கென எஸ்டேட்டுக்குள்ளேயே சிறு ஆரம்பப் பள்ளிகள் தோன்றின. நாலாம் வகுப்போடு அவற்றின் எல்லை முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளை, விடியற்காலையில் தாய் கொழுந்து பறிக்கப் புறப்படும் அதே வேளையில் எழுந்து, பனிமூட்டத்தினூடே எஸ்டேட் பாதைகளில் நடந்தோ, வழியில் வந்த வண்டியில் தொற்றிக்கொண்டோ மூணாறு சேரவேண்டும். எஸ்டேட் பள்ளி அளித்த எழுத்தறிவு பெயர்ப்பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திடவும் கடிதம் வாசிக்கவும் போதுமானது. தோட்ட வேலையிலிருந்து விடுபட்டு வேறு உத்தியோகம் தேடிக்கொள்வதற்குரிய கதவு அரசு உயர்நிலைப் பள்ளியிலேதான் இருந்தது. இந்த மலைகளில் அரசுப் பள்ளிக்கு மக்கள் அளித்துவந்த மதிப்பின் காரணம் இதுவே.

1953ஆம் வருஷம் டிசம்பரில் பஸல் அலி தலைமையில் நியமனம் பெற்ற ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் இப்பிரதேசங்களின் வருங்காலத்தை நிர்ணயித்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிப் போராடியது. 1954இல் மூணாறிலும் தேவிகுளத்திலும் கிளர்ச்சி மூண்டது. கமிஷனின் 1955ஆம் வருஷத்து அறிக்கையோ, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழ்நாட்டுக்கு அளிக்கச் சிபார்சு செய்து, மலை வட்டங்களைக் கேரளத்துக்கே விட்டுவிட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்தபோது, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வாசிகள் தங்கள் வீட்டைவிட்டு ஓர் அடியும் நகராமலே மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். பாலக்காடு ஜில்லா 1957 ஜனவரி 1ஆம் தேதியும், இடுக்கி ஜில்லா 1972 ஜனவரி 26ஆம் தேதியும் உருவாயின.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ராஜ்யங்கள் முயலவேண்டும் என்று, அதே 1956இல் நிறைவேறிய ஏழாம் திருத்தத்தினால் அரசியல் சாஸனத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தப் பிரிவு ஆரம்பக் கல்வியோடு நின்றுவிடுகிறது. உயர்நிலைக் கல்விக்கு ஆதாரமாக இருந்தவை மந்திரிகளின் மகாநாடுகள் வகுத்த எண்ணிக்கைகளே. பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழியில் போதிக்க ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும் என்று 1949ஆம் வருஷத்துக் கல்வி மந்திரிகள் மகாநாடு தீர்மானித்தது. உயர்நிலைப் பள்ளியின் மேல் நான்கு வகுப்புகளில் மொத்தம் 60 பேரும், வகுப்புக்கு 15 பேரும் தேவை என்ற அளவை 1961ஆம் வருஷத்து முதல்மந்திரிகள் மகாநாடு ஏற்றுக்கொண்டது. தமிழிலும் கன்னடத்திலும் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்து அதே மொழியில் பதில் பெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இந்தச் சிறுபான்மையினருக்கு வழங்கியது.

இப்பள்ளிகளின் வாழ்வும் தாழ்வும் அன்றுமுதல் எண்ணிக்கையையே சார்ந்திருக்கின்றன. ஜோசப் முண்டசேரி கல்வி மந்திரியாக இருந்து கொண்டுவந்த கல்விச் சட்டமும், அதன்கீழ் 1959இல் அமுலுக்கு வந்த விதிகளும் ஆசிரியர் பணியிடங்களை மாணாக்கர் தொகையோடு பிணைத்தன. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கே அவ்வருஷத்துப் பணியிடங்களை நிர்ணயிக்கிறது. அந்த வாரத்தில் தமிழ்ப் பிரிவின் ஆசிரியர்கள் லயம் லயமாகவும் களம் களமாகவும் போய்ப் பெற்றோரைக் காண்பார்கள். கம்பத்துக்கோ பொள்ளாச்சிக்கோ உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பிவிட்டதா, அடுத்த தெருவின் ஆங்கிலப் பள்ளிக்குப் பெயர் மாற்றிவிட்டார்களா என்று விசாரித்து, ஒவ்வொரு பெயராக வருகைப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். இரண்டு மூன்று பெயர்கள் குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போய்விடும். டிவிஷனோடு ஓர் ஆசிரியரும் போய்விடுவார். ஆசிரியர் இல்லை என்பதையே காரணமாகச் சொல்லி மறுவருஷம் வேறு சில பெற்றோரும் பிள்ளைகளை அழைத்துக்கொள்வார்கள். சட்டத்தினால் மூடப்படாத பல தமிழ்ப் பிரிவுகள் இவ்வழியில் தாமாகவே மெலிந்தன.

தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் போலன்றி, இங்கே நாலாம் வகுப்பு வரை கீழ்ப்பிரைமரி, ஏழு வரை மேல்பிரைமரி, எட்டு முதல் பத்து வரை உயர்நிலை என்பது பகுப்பு. தமிழ் மாணாக்கர் தமிழை முதல்மொழியின் இரண்டு தாள்களாகவும், அதன்பின் ஆங்கிலமும் ஹிந்தியும் படிக்கிறார்கள். கணிதம், விஞ்ஞானம், சமூகவியல் பாடநூல்களைக் கேரளக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் தமிழிலும் வெளியிடுகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. ஓணத்துக்குப் பத்து நாள் விடுமுறை. பொங்கலுக்கும் இந்த ஜில்லாக்களில் அரசு விடுமுறை உண்டு. மத்தியானச் சத்துணவில் நெடுங்காலம் கஞ்சியும் பயறும் இருந்தன.

பாலக்காட்டு நகரத்தில் பெண்களுக்கென்றே மோயன் பள்ளியும், சித்தூரில் விக்டோரியா பெண்கள் பள்ளியும் தோன்றினவெனினும், எல்லைக் கிராமங்களில் அத்தகைய பிரிவினைக்கு இடமிருக்கவில்லை; ஒரு பள்ளிக்குப் போதுமான பிள்ளைகளைச் சேர்ப்பதே அங்கே பெரும்பாடு. கூட்டுக்கல்வி இங்கே கொள்கையாக அல்ல, தேவையாகவே வந்தது. ஆயினும் அதன் விளைவு பெரிது. தேயிலைத் தோட்டத்தில் தாயும் தந்தையும் ஒருங்கே கூலிக்குப் போனதால், பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்தித் தம்பி தங்கைகளைக் காக்கச் செய்யும் வழக்கம் இருந்தது. அண்ணனோடு ஒரே பாதையில் ஒரே பள்ளிக்குப் போகலாம் என்ற நிலையே பல பெற்றோரின் தயக்கத்தைப் போக்கிற்று. எல்லாப் பள்ளிகளையும் இருபாலர் பள்ளிகளாக்க வேண்டும் என்று கேரளக் குழந்தை உரிமைக் கமிஷன் 2022இல் உத்தரவிட்டபோது, இந்தப் பள்ளிகள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

1983இல் தொழிற்கல்வி மேல்நிலை வகுப்புகளும், 1990முதல் பிளஸ் டூ வகுப்புகளும் பள்ளிகளுக்கு வரலாயின. பத்தாம் வகுப்புவரை பௌதிகத்தையும் ரசாயனத்தையும் தமிழில் கற்ற பிள்ளை, பிளஸ் டூவில் திடீரென்று அவற்றை ஆங்கிலத்தில் எதிர்கொள்ள நேர்கிறது. இந்த இடறலே தமிழ்வழியைப் பற்றிய அச்சத்தின் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். மொழிப்பற்றின் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்வது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017ஆம் வருஷத்துச் சட்டம் எல்லைப்பகுதிகளில் கலக்கத்தை உண்டாக்கிற்று. மலையாளம் இங்கே பிழைப்புக்கு அவசியமான மொழி. அதைக் கற்பது நன்மையே. தமிழுக்குரிய பாடவேளையைக் குறைக்காமல் கற்பிக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அண்மைக் காலத்தில் தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்க, அஸ்ஸாம், ஜார்க்கண்ட் முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்து வந்த தொழிலாளரின் குழந்தைகள் லயங்களில் பெருகிவருகிறார்கள். லயங்களின் வாழ்வு ஆபத்தும் நிறைந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடித் தோட்ட லயங்களில் நேர்ந்த மண்சரிவில் 70 பேர் மாண்டனர். பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள்.

சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் தமிழ்த் துறைகள் இருப்பதால், தமிழறிந்த ஆசிரியர்களை இப்பகுதியிலேயே உருவாக்க வழியுண்டு. தமிழ்வழி ஆசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வாணையம் தனியே தேர்வு நடத்துகிறது. அந்தப் பணியிடங்களை ஜூன் மாதத்துக்கு முன்பே நிரப்புவதும், பிளஸ் டூ பாடநூல்களைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதும் அரசாங்கம் உடனே செய்யக்கூடிய காரியங்கள், அவற்றைச் செய்யவேண்டும்.