கோடி ராமமூர்த்தி நாயுடு சிலை, விசாகப்பட்டினம்

விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரையை ஒட்டிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள இச்சிலை, வட ஆந்திரம் தந்த மல்லரும் பயில்வானுமான கோடி ராமமூர்த்தி நாயுடுவின் நினைவாக எழுப்பப்பட்டது. 'கலியுக பீமன்' என்றும் 'இந்திய ஹெர்குலிஸ்' என்றும் புகழப்பட்டவர் அவர். வட இந்தியாவில் புரொபசர் ராமமூர்த்தி என்றால்தான் தெரியும்.

இந்தச் சாலை நெடுகச் சிலைகள் உண்டு. அல்லூரி சீதாராம ராஜு, நாடகாசிரியர் குரஜாட அப்பாராவ், கவிஞர் ஸ்ரீஸ்ரீ என்று தெலுங்கு மண் போற்றும் பெயர்கள் வரிசையாக வரும். அவர்களோடு ஒரு பயில்வானுக்கும் இடம் கொடுத்ததுதான் இங்கே சிறப்பு. சென்னை மெரினாவில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய பத்துச் சிலைகளில் புலவர்கள் உண்டு, தமிழ்த்தொண்டு செய்த பாதிரிமார்கள் உண்டு, கண்ணகியும் வ.உ.சி.யும் உண்டு, விளையாட்டு வீரர் ஒருவரும் இல்லை. உடலை வளர்த்தவனையும் கவிஞனுக்கு நிகராக நிறுத்தலாம் என்பதை விசாகப்பட்டினம் செய்து காட்டியிருக்கிறது.

ராமமூர்த்தி 1880களின் தொடக்கத்தில் வீரகட்டம் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். இன்று பார்வதிபுரம் மன்யம் மாவட்டம். சிறுவயதிலேயே தாயை இழந்தவர், விஜயநகரத்தில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். படிப்பைவிடக் கோதாவின் மீதே நாட்டம் அதிகம். பிறகு உடற்பயிற்சி ஆசிரியராவதற்காகச் சென்னைக்கு வந்து சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. ஊர் திரும்பிச் சில காலம் ஆசிரியராக இருந்தவர், பின்னர் நண்பரோடு சர்க்கஸ் கம்பெனி தொடங்கினார்.

அவருடைய ஆட்டங்களில் ஜனங்கள் வாய்பிளந்து பார்த்தவை மூன்று. உடம்பைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டுவார்கள். அவர் மெல்ல மூச்சை உள்ளே இழுப்பார். மார்பு விரிய விரியச் சங்கிலி இறுகும். ஒரு கட்டத்தில் கண்ணி தெறித்துவிடும். அடுத்தது, தோளில் சங்கிலியால் பிணைத்த மோட்டார் கார்களை நகரவிடாமல் நிறுத்துவது. மூன்றாவது யானை. மல்லாந்து படுத்த அவர் மார்பின்மேல் பலகை வைத்து, அதன்மேல் யானையை ஏற்றுவார்கள். பலகை பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் நுரையீரல் நிறைய மூச்சைப் பிடித்து, விலாவையும் வயிற்றையும் கல்லாக இறுக்கிக்கொள்ளத் தெரியாதவன் அந்தப் பலகைக்குக் கீழே பிழைக்க மாட்டான். ராமமூர்த்தியின் பலமெல்லாம் பிராணாயாமத்தில் இருந்தது. சைவ உணவுக்காரர் வேறு.

ஜெர்மானியப் பயில்வான் யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவைச் சுற்றி வந்த காலமும் ஏறக்குறைய இதுவே. தமிழில் 'சாண்டோ' என்பது பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் இருப்பது அதுதான். தேகபலம் வெள்ளைக்காரனின் சொத்து என்று நம்பவைத்த நாட்களில், நம்மவர் ஒருவர் சங்கிலியை அறுத்துக் காட்டியதைச் சனங்கள் வெறும் வேடிக்கையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் பார்க்க ஆட்டம் நடத்திய பின் 'இந்திய ஹெர்குலிஸ்' பட்டம் கிடைத்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லும். சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தானதர்மங்களுக்கே கொடுத்தார்.

கடைசிக் காலத்தில் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருந்து வேண்டாமென்று மறுத்து, மூச்சை அடக்கி அறுவை சிகிச்சையைத் தாங்கினார் என்பது அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி. 1942இல் ஒடிசாவில் காலமானார்.

ஸ்ரீகாகுளம் நகரின் விளையாட்டரங்கம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியான கர்ணம் மல்லேஸ்வரியும் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக்காரர்தான்.

இதே கடற்கரையில் இருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் இந்தச் சிலையையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இவர் நம் சைதாப்பேட்டையில் படித்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.