தடியும் பாட்டும்

ஒரு தடியை நினைத்துப் பாருங்கள். அதன் தலையில் சின்னத் திரையும் ஒலிபெருக்கியும். தடியைப் பிடித்திருக்கும் புலம்பெயர்ந்தவரே அந்தத் திரையில் தன் கதையைச் சொல்கிறார். போலந்தில் பிறந்த கலைஞர் கிரிஸ்தோஃப் வோடிச்கோ 1992இல் பார்சிலோனாத் தெருவில் இறக்கிய 'அந்நியர் தடி' இது. திரை சிறியது, பார்க்கக் கிட்டே வரவேண்டும். கிட்டே வந்தால் பேச்சு பிறக்கும்.

நம் மலையகத்தில் அந்த வேலையைப் பாட்டும் அச்சும் செய்தன. வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரியாகப் போய் லயங்களைப் பார்த்தவர் கோ. நடேசய்யர். 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாடினார். 1940இல் அப்பாட்டுகள் நூலாயின. வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவர் பாடியது அவர்களுக்காக. அவர்களே தம் குரலில் சொன்னது நம்மிடம் எவ்வளவு குறைவு!

1948 பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அதை நினைவில் வைத்திருப்போர் குறைந்துகொண்டே போகிறார்கள். பொல்பிட்டியப் பிள்ளைகளே, உங்கள் கையிலுள்ள போனும் அந்தத் தடிதான். இந்த ஞாயிறு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள்.