ஆஷ்லி என்னும் ஆண்பெயர்

பணியிற் சேர்ந்த புதிதில், ஊழியர் பட்டியல் ஒன்றில் 'ஆஷ்லி' என்ற பெயரைக் கண்டு, அதன் முன் 'குமாரி' என்று சேர்த்துவிட்டேன். பட்டியல் கையொப்பமாகி வெளியே சென்றும் விட்டது. பெயருக்குரியவர் அடர்ந்த மீசையோடு என் மேசை முன் வந்து நின்றபோதுதான் பிழை விளங்கிற்று. ஆங்கிலோ இந்தியரான அவர் சினங்கொள்ளவில்லை. "இது என் பாட்டனார் பெயர்" என்று மட்டும் சொன்னார். ஏட்டில் ஏறிய பிழையை இறக்க மூன்று திங்களாயிற்று. அதுவரை அவருக்குக் குடியிருப்பு ஒதுக்கீடு கிட்டவில்லை. அந்த மன உறுத்தலே இப்பெயரின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டிற்று.

ஆஷ்லி முதலில் ஆட்பெயரன்று, ஊர்ப்பெயர். பழைய ஆங்கிலத்தில் 'அஷ்' என்பது ஒரு மரம். 'லெயா' என்பது காடு, அல்லது காட்டினிடையே மரம் வெட்டித் திருத்திய வெளி. இரண்டும் கூடி, ஆஷ் மரங்கள் நிறைந்த காட்டுவெளி என்று பொருள்படும். அடர்ந்த கானகத்தில் ஒளி புகும் இடம் என்பதே 'லெயா'வின் அடிக்கருத்து என்றும், வடமொழி 'லோக' என்னும் சொல் அதற்கு உறவென்றும் மொழிநூலார் கூறுவர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையை அறியாத தமிழர் இலர். ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் குடிப்பெயரும் இவ்வாறே 'கல் நிறைந்த வெளி' என்பதுதான்.

மரம் ஊராகி, ஊர் ஆளாவது நமக்குப் புதிதன்று. தில்லை மரம் செறிந்திருந்த இடம் தில்லையாயிற்று. இன்று தில்லைநாயகம் என்று பெயர் பூண்டவர் எத்தனை பேர்! அவர்களில் பலர் அம்மரத்தைக் கண்டிரார். அதைக் காணப் பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் போகவேண்டும்.

ஆஷ் மரத்தின் இலை, வேம்பினதைப் போல ஒரே காம்பின் இருமருங்கும் சிற்றிலைகள் அடுக்கியது. வைரம் பாய்ந்தும் வளைந்துகொடுக்கும் மரமாதலின், ஈட்டிக் காம்புக்கு இதையே தேர்ந்தனர். பழைய ஆங்கிலத்தில் மரத்தின் பெயரே ஈட்டிக்கும் பெயராயிற்று. கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்டம்புகளும் மரபாக இம்மரத்தாலானவையே. ஆனால் ஆஷஸ் தொடரின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை; அது வெறும் சாம்பல்!

ஊர்ப்பெயர் குடிப்பெயராகிப் பல நூற்றாண்டுகள் அவ்வாறே நின்றது. சர் அந்தோணி ஆஷ்லி என்பவரின் மகள்வயிற்றுப் பேரனுக்குப் பாட்டனாரின் குடிப்பெயரும் சேர்ந்து, அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்றாயிற்று. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு வமிசத்தின் முதல்வர் அவர். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரை அணைத்தோடும் ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகளும் அவர் பெயரையே தாங்குகின்றன.

ஆனால் பெற்றோர் தம் பிள்ளைக்கு விரும்பி இடும் பெயராக இது மாறியது அதே வமிசத்தின் ஏழாம் பிரபுவால் என்று பெயராய்வாளர் கருதுவர். 1801இல் பிறந்த அவர், 1851 வரை ஆஷ்லி பிரபு என்றே அழைக்கப்பட்டார். சுரங்கத்தின் இருளில் நிலக்கரி வண்டி இழுத்த சிறுவர்க்காக அவர் போராடினார். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்தினுள் வேலைவாங்கத் தடை விதித்தது. ஆலைகளில் பெண்களுக்கும் இளையோர்க்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847இல் நிறைவேறியபோதோ அவர் பொதுமக்கள் சபையில் இல்லை. ஜான் ஃபீல்டன் என்பவரே அதை நிறைவேற்றினார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர். இந்திய ஆலைகளுக்கும் சட்டம் வேண்டுமென முதுமையிலும் அவர் வற்புறுத்தினார். 1881இல் இங்கு வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாதென்றது. ஏழு வயதென்பது இன்று நமக்குக் கொடுமையாகத் தோன்றும். அன்று அதுவே பெரும்பேறு.

அப்படியாயின் என் பிழை எங்ஙனம் நேர்ந்தது? மார்கரெட் மிட்செல் 1936இல் வெளியிட்ட 'கான் வித் த விண்ட்' புதினத்திலும் ஆஷ்லி ஓர் ஆண்மகனே. 1969 டிசம்பரில் சேப்பாக்கத்தில் நம் ஆட்டக்காரரைச் சுழற்பந்தால் திணறடித்துப் பத்து விக்கெட் வீழ்த்திய ஆஸ்திரேலியர் ஆஷ்லி மாலட்டும் ஆண்மகனே. அமெரிக்காவில்தான் இப்பெயர் மெல்ல மெல்லப் பெண்பாலுக்குச் சென்றது. 1991, 1992 ஆகிய ஈராண்டுகளில் அங்குப் பெண்குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் இதுவே. இத்தகைய மாற்றத்திற்கு முன்னுதாரணமும் உண்டு. ஷார்லட் பிராண்டியின் 1849ஆம் ஆண்டுப் புதினத்தில், மகனுக்கென்று கருதிய 'ஷெர்லி' என்னும் பெயரை மகளுக்கு இடுகின்றனர். அதன்பின் அது பெண்பெயராகவே நிலைத்துவிட்டது. இதை நான் சொன்னபோது நண்பர், "அப்படியானால் உங்கள் மேல் பாதிக் குற்றம்தான்" என்று சிரித்தார்.

பெயர் இவ்வாறு பரவிக்கொண்டிருக்க, மரத்திற்கு வந்தது கேடு. ஆசியாவின் கிழக்கிலிருந்து வந்த ஒருவகைப் பூஞ்சை ஐரோப்பிய ஆஷ் மரங்களை நுனியிலிருந்து உலர்த்திக் கொல்கிறது. 1992இல் போலந்தில் அறியப்பட்ட இந்நோய் 2012இல் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. பத்தில் எட்டு மரங்கள் வரை மடியக்கூடும் என்பது ஒரு மதிப்பீடு. சில மரங்கள் மட்டும் நோயைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைத் தேர்ந்து, அவற்றின் வழி நாற்றுகளை வளர்த்து, நோய்கண்ட நிலத்திலேயே நட்டுப் பார்த்து வருகின்றனர்.