சொந்தக் காலில் நிற்க ஒரு நிதி
யாழ்ப்பாண வாலிபர் வரலாற்றில் ஓர் ஏடு

யாழ்ப்பாணத்திலே பொதுக் கருமத்துக்குப் பொருள் திரட்டும் பழைய வழி பிடியரிசி. உலையில் இடுதற்கு அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண்மணி ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியிலே போட்டு வைப்பாள். குறித்த நாளில் ஒருவர் வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போவார். கொடுத்தவளுக்குக் குறைவு தெரியாது. வீட்டுக்கு வீடு சேர்ந்தபின் அது மூடையாய் நிற்கும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபின், அதனை நடத்தப் பிடியரிசியையும் துணைக்கொண்டார்கள் என்பதை எம்மவர் நன்கறிவர். பின்வந்தோரும் சைவப் பாடசாலைகளுக்காக இவ்வழியைக் கையாண்டனர்.

ஆகவே, படிப்புக்காகக் கொடுப்பதில் யாழ்ப்பாணத்தார் பின்னின்றாரல்லர். கோயிலுக்குக் கொடுப்பதில் பின்னின்றாரென்று பகைவரும் சொல்லமாட்டார். ஆனால் படித்து முடித்த பிள்ளை இனி எவ்வாறு சீவிப்பான் என்னும் கேள்விக்கு மாத்திரம் எமது பொதுப்பணம் நெடுங்காலம் விடை கூறவில்லை. அது குடும்பத்தின் பாடு என்று விடப்பட்டது. குடும்பமும் தனக்குத் தெரிந்த வழியிலே அதைச் செய்தது. காணியை ஈடுவைத்து, அல்லது ஒற்றிக்குக் கொடுத்து, மகனைப் படிப்பித்தது. கப்பற் செலவு கொடுத்து மலாயாவுக்கு அனுப்பியது. அவன் உத்தியோகம் பெற்றதும் முதற் கடமை ஈட்டை மீட்பது. இரண்டாவது, தமக்கை தங்கையருக்குச் சீதனம் சேர்ப்பது. தன் விவாகத்தில் அவன் வாங்கும் சீதனமோ பெரும்பாலும் வேறொரு தங்கையின் சீதனமாய்ப் போகும். இருபத்தைந்து வயதில் சம்பளம் எடுக்கத் தொடங்கிய ஒருவன் நாற்பது வயதாகியும் தனக்கென்று ஒரு தீர்மானம் செய்ய முடியாதிருந்ததை எமது முதியோர் பலர் தம் வீடுகளிலேயே கண்டிருப்பர். உழைப்பவன் வேறு, சுதந்திரமாய் வாழ்பவன் வேறு என்ற உண்மை யாழ்ப்பாணத்தில் விளங்கியதுபோல் வேறிடத்தில் விளங்கியிருக்குமோ தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மலாயாவில் இரும்புப் பாதைகளும் கந்தோர்களும் பெருகியபோது, ஆங்கிலம் படித்த எம் வாலிபர் அங்கே சென்று கிளாக்கர்களாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தனர். மணியோடர் வந்தது. கல்வீடு எழுந்தது. யாழ்ப்பாணத்தைப் ‘மணியோடர்ப் பொருளாதாரம்’ என்று பிறர் சொல்லவும் நேர்ந்தது. அந்தப் பணத்தை இழிவாகப் பேசுவது நன்றிகேடு. ஆயினும் அது தனித்தனி வீட்டுக்கு வந்த பணம். ஊரின் வாலிபர் எவருக்கும் உதவுவதற்கென்று ஒரு பொது முதலாய் அது திரண்டதில்லை.

இந்த நிலையிலேதான் 1924 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. இதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் கொண்டது. முன்னின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கிறிஸ்தவ குடும்பத்திற் பிறந்த இப்பெரியார் பிற்காலத்திலே, 1949 முதல் 1960 வரை, கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தார் என்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் இளைஞர் மனத்தில் வைத்தல் நன்று. சமயம் பற்றி நாம் போட்டுக்கொள்ளும் வேலிகளை அத்தலைமுறை வாலிபர் எவ்வளவு எளிதாகக் கடந்தனர்!

1925 இல் றிட்ஜ்வே மண்டபத்திலே ஜே. வி. செல்லையா அவர்களின் தலைமையில் முதலாவது மகாநாடு கூடியது. சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், நாட்டின் கலையும் இலக்கியமும் தழைக்க வேண்டும், உள்நாட்டுப் பொருளை ஆதரிக்க வேண்டும் என்று பேசினர். தீர்மானம் நிறைவேற்றுவது எந்தச் சங்கத்துக்கும் இலகு. இவர்கள் அதற்குமேலே ஒன்று செய்தார்கள்: காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள், அவர் கேட்ட நிதியை வீடுவீடாய்ச் சென்று திரட்டினார்கள்.

1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். மாதக் கடைசி நாட்களை யாழ்ப்பாணத்திலே கழித்தார். உடன் கஸ்தூரிபாய் அம்மையார், மகாதேவ தேசாய், ராஜகோபாலாச்சாரியார் ஆகியோரும் வந்திருந்தனர். மாணவர் காங்கிரஸ் கூட்டத்திலும் பொதுக் கூட்டங்களிலும் கல்லூரிகளிலும் பேசினார். மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரிப் பெண்பிள்ளைகளுக்கும் பேசினார். சென்ற இடமெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: கதர் நிதி. தரித்திர நாராயணனுக்காக இரக்க வந்தேன் என்றார்.

இரப்பது என்று அவர் சொன்னாலும், அந்நிதி வேலை செய்த முறையைப் பார்த்தால் அது பிச்சைக்கு எதிரானது. 1925 இல் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் ஏற்பாடு இவ்வாறு: பஞ்சை வாங்கிக் கிராமத்திலே நூற்பவளிடம் கொடுப்பது, அவள் நூற்ற நூலை நிறுத்து எடுத்துக் கூலி கொடுப்பது, நூலை நெய்பவனிடம் கொடுத்துத் துணியாக்குவது, துணியை விற்ற பணத்தை மீண்டும் பஞ்சாக்குவது. இன்று நூற்றவளுக்கு இன்றே கூலி வேண்டும். துணி விலைப்படுவதோ பல மாதம் கழித்து. அந்த இடைவெளியைத் தாங்குவதற்கே பெருமுதல் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து மாணவன் வாங்கிக் கொடுத்த ஒரு ரூபா ஒருவர் வயிற்றில் ஒருநாட் சோறாய் முடிந்துபோகாமல், கையிலிருந்து கைக்குச் சுழன்று திரும்பத் திரும்பக் கூலியாயிற்று. 1925 இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே தொடங்கிய ஆசிரமத்தைச் சுற்றிய வறண்ட ஊர்ப் பெண்கள் இத்தகைய கூலியாலேயே மழையில்லாக் காலத்திலும் அடுப்பெரித்தனர். கணவன் கையையும் எதிர்பாராது தன் உழைப்பாற் காசு காணும் பெண் என்பது அக்காலத்துக்குப் பெரிய காட்சி.

‘எங்களூர்ப் பணத்தை அக்கரைக்கு அனுப்புவானேன்?’ என்று கேட்பவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எம் தீபகற்பத்திலும் நெசவாளர் இருந்தனர். பனையோலைத் தொழிலாளர் இருந்தனர். சாதியின் பெயரால் காணியும் கிணறும் மறுக்கப்பட்டு, பிறர் நிலத்திற் கூலிக்கு இறைத்துச் சீவித்த வாலிபர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுக்கென்று அத்தகைய சுழல்முதல் ஒன்றை மாணவர் காங்கிரஸ் நிறுவியிருந்தால் எமது சரித்திரம் வேறாயிருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்து இளைஞர் தாமே முன்னின்று, கோயிலுக்கன்றி, பள்ளிக்கட்டடத்துக்கன்றி, மனிதர் தம் உழைப்பால் வாழ்வதற்கு வேண்டிய முதலைத் திரட்டிய முதற் பெருமுயற்சிகளுள் அது ஒன்று. அதனாலேயே அதை இங்கே விரித்துச் சொல்லுகிறேன்.

தமக்கென்றே ஒரு முதலை ஆக்கிக்கொண்ட வாலிபரைக் காண வேண்டுமாயின் மலாயாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே சம்பளக்காரர் கடனில் அமிழ்ந்து கிடந்ததைக் கண்டு 1922 இல் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு ஆண்டுக்குள், 1924 இல், கோலாலம்பூரிலே யாழ்ப்பாணத்தார் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பது. வேண்டியபோது அளவான வட்டிக்குக் கடன் பெறுவது. இவ்வளவே அத்தகைய சங்கங்களின் தத்துவம். ஊரைவிட்டு வந்து, நண்பர் நால்வர் ஐவராய் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பொதுச் சமையலில் உண்டு வாழ்ந்த பிரமசாரி வாலிபனுக்கு, தகப்பனையும் கேளாமல் வட்டிக்கடைக்கும் போகாமல் ஒரு தொகை கிடைப்பது சிறிய விஷயமன்று.

இலங்கையில் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. ஜெர்மனி தேசத்திலே ரைபைசன் என்பார் ஏழை விவசாயிகளுக்காக வகுத்த முறையே இதற்கு மூலம். ஒருவன் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. ஆகையால் எவனுக்குக் கொடுக்கலாம், எவனுக்குக் கொடுக்கலாகாது என்று ஊரே தீர்மானிக்கும். ஒருவரையொருவர் அறிந்த யாழ்ப்பாணக் கிராமத்துக்கு இது மிகப் பொருந்தியது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வி. வீரசிங்கம் போன்றோர் இவ்வியக்கத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். யாழ்ப்பாண நகரிலே அவர் பெயரால் விளங்கும் மண்டபம் அதன் ஞாபகமே. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையும் எழுந்தது. ஆயின் ஒரு குறை. ஈடுகாட்டக் காணி உள்ளவனையே ஊர் நம்பிற்று. காணி தகப்பன் பெயரில் இருக்கும்வரை இருபத்திரண்டு வயது வாலிபன் நம்பத்தக்கவனாய்க் கணிக்கப்படவில்லை.

வாலிபர் காங்கிரஸ் இக்குறையை எடுத்துப் பேசியிருக்கக்கூடும். ஆனால் அரசியல் அதனை விழுங்கியது. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று அவர்கள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது பற்றிய தருக்கம் இன்னும் ஓயவில்லை. இங்கே அதைத் தொடேன். காங்கிரஸ் அதன்பின் மெலிந்தது. அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவிலும் ஆட்குறைப்பைக் கொண்டுவந்தது. உத்தியோகத்தையே நம்பிப் படித்தவர் வெறுங்கையுடன் கப்பலேறித் திரும்பினர். அவர்களுக்கு ஊர் கொடுக்கக்கூடியதாய் இருந்தது பழைய காணித் துண்டு ஒன்றே.

வாலிபனுக்கென்றே நிலமும் முதலும் கொடுக்கும் எண்ணம் பெரிய அளவில் வந்தது 1960களின் பிற்பகுதியிலே. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கின. இம்முறை கொடுத்தது அரசாங்கம். பள்ளிக்கூடச் சான்றிதழுடன் வேலையின்றி இருந்தவர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் நட்டனர். கிளாக்கர் வேலைக்குப் போகாத பிள்ளையை உருப்படாதவன் என்ற தாய்தகப்பனே பின்பு பெருமையோடு பேசும் நாளும் வந்தது. 1970களின் முற்பாதியில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்டு விலை உயர்ந்தபோது அங்கே நல்ல காசு புரண்டது. தமக்கு வேண்டிய பெண்ணைத் தாமே பார்த்துச் சீதனம் கேளாது மணந்தோரும் அவர்களுள் இருந்தனர். 1977 இல் கொழும்பிலே ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்பட்டதும் விலை விழுந்தது. காணி அவர்களுடையதாயிருந்தது, உழைப்பு அவர்களுடையதாயிருந்தது. விளைபொருளின் விலை மாத்திரம் அவர்கள் கையில் இருக்கவில்லை. கதர் நிதி பஞ்சுக்கும் துணிக்கும் இடையே தாங்கி நின்றதுபோல, நட்ட நாளுக்கும் விற்கும் நாளுக்கும் இடையே தாங்கி நிற்க அவர்களே திரட்டிய பெருமுதல் ஒன்றும் இருக்கவில்லை. பலர் அப்படியும் தோட்டத்தை விடாது பிடித்துக்கொண்டிருந்தனர், யுத்தம் வந்து எழுப்பும்வரை.